கடன் வாங்கிக் கால்குலேட்டர் வாங்கலாமா?

கல்லூரிக் கணிதம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை பதில் தருகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சமன்பாட்டின் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும் கிராபிங் கால்குலேட்டரைப் பற்றியே இருந்ததால், மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

*

கேள்வி: அம்மா, கல்லூரியில் கணிதம் சேர்ந்திருக்கிறேன். பாடத்திட்டத் தாளில் ‘கிராபிங் கால்குலேட்டர் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று ஒரே ஒரு வரி. இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது, விலையைப் பார்த்தால் அதைவிட. வீட்டில் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா? எதை வாங்குவது? — முதலாண்டு மாணவி

பதில்: கடன் வாங்கிக் கழிப்பதெல்லாம் ஆரம்பப்பள்ளிக் கணக்கோடு போகட்டும். இதற்குக் கடன் வேண்டாம். ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதற்கும் ‘கட்டாயம்’ என்பதற்கும் நடுவே உங்கள் வீட்டுப் பணம் நிற்கிறது. அந்த வரியை எழுதியவர் பத்து வருடத்துக்கு முந்தைய தாளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கவும் கூடும். நானே அப்படிப்பட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் முடியும்வரை எதையும் வாங்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் பாடம் நடத்துபவரிடம் நேராகப் போய், தேர்வு அறைக்குள் கால்குலேட்டர் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் எந்த வகைக்குத் தடை என்று கேளுங்கள். அப்புறம், வகுப்பில் எந்த மாடலை வைத்து நடத்தப் போகிறார் என்றும் கேளுங்கள். நான் நடத்திய கால்குலஸ் தேர்வுகளில் பலவற்றில் கால்குலேட்டரே கிடையாது. வகைக்கெழுவை (சார்பு மாறும் வீதத்தை) விதிப்படி கையால் கண்டுபிடிக்கிறாயா என்று பார்க்கும் தேர்வில் கருவிக்கு என்ன வேலை? உங்கள் துறையும் அப்படித்தான் என்றால், பை திறக்காமலே பிரச்சினை தீர்ந்தது.

தேர்வில் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். கருவிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி. கால்குலஸ் நான்கு வேலைகளைச் சொல்கிறது. கேட்ட எல்லைக்குள் ஒரு சார்பின் வரைபடத்தைக் காட்ட வேண்டும். சமன்பாட்டின் மூலங்களைக் காண வேண்டும். ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பையும், வரையறுத்த தொகையீட்டின் (இரு எல்லைகளுக்கு நடுவே வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு) மதிப்பையும் எண்ணாகத் தர வேண்டும். முதலாண்டு, இரண்டாமாண்டுக் கால்குலஸுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. நேரியல் இயற்கணிதம் எடுத்தால் அணிகளையும் (மேட்ரிக்ஸ்), புள்ளியியல் எடுத்தால் பரவல்களையும் சோதனைகளையும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். இன்று விற்கும் கிராபிங் கால்குலேட்டர்களில் பெரும்பாலானவை இத்தனையையும் செய்யும். அதனால் பெட்டியின் மேல் அச்சிட்ட பட்டியலைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மூன்றாவதாகக் கேட்கச் சொன்னேனே, அதை வைத்து. ஆசிரியர் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் (டி.ஐ.) நிறுவனத்தின் டி.ஐ-84 வைத்து ‘இந்தப் பொத்தானை அழுத்து, அந்த மெனுவுக்குப் போ’ என்று நடத்தினால், உங்கள் கையிலும் டி.ஐ-84 குடும்பத்துக் கருவி இருப்பதுதான் நல்லது. வேறு கருவி வைத்திருப்பவர் பாதி வகுப்பைப் பொத்தான் தேடுவதிலேயே தொலைப்பார். ஆசிரியருக்கு எந்தக் கருவியும் சம்மதம் என்றால், கேசியோவின் எஃப்.எக்ஸ்-9750 வரிசையைப் பாருங்கள். கறுப்பு-வெள்ளைத் திரைதான், பார்க்கக் கவர்ச்சியில்லை. ஆனால் மேலே சொன்ன எல்லாம் செய்யும். விலையும் டி.ஐ-யின் வண்ணத்திரை மாடலைவிடக் கணிசமாகக் குறைவு. வண்ணம் எதற்கு என்று என்னைக் கேட்டால், ஒரே திரையில் மூன்று வளைகோடுகளை வரையும்போது எது எது என்று பிரித்துப் பார்க்க உதவும். அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் நூலகத்திலும் கணிதத் துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பருவம் முழுவதற்கும் கால்குலேட்டர் இரவல் தரும் கல்லூரிகள் நிறைய. யாரும் கேட்பதில்லை என்பதால் அவை அலமாரியில் தூங்கும். மூத்த மாணவர்களிடமும் கேளுங்கள். கால்குலஸ் முடித்தவருக்கு அது இனி மேசைமேல் ஒரு பாரம்தான்.

*

கேள்வி: என் மகள் பொறியியல் சேர்கிறாள். ‘எல்லாக் கணக்கையும் அதுவே போட்டுவிடும்’ என்று சொல்லி, இருப்பதிலேயே விலை உயர்ந்த, எண்ணாக மட்டுமல்லாமல் குறியீடுகளாகவும் இயற்கணிதம் செய்யும் சி.ஏ.எஸ். வகைக் கால்குலேட்டரைக் கேட்கிறாள். ஒரே தடவை நல்லதாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. — ஒரு தந்தை

பதில்: ‘ஒரே தடவை நல்லதாக’ என்று நினைப்பது நியாயம்தான், ஆனால் இங்கே அது எதிராகப் போய் முடியலாம்.

எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ் என்பதன் தொகையீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கிராபிங் கால்குலேட்டரிடம் 0 முதல் பை (π) வரை என்று எல்லை கொடுத்துக் கேட்டால் 3.14159 என்று ஓர் எண் தரும். சி.ஏ.எஸ். வகைக்கு எல்லையே வேண்டாம். ‘சைன் எக்ஸ் கழித்தல் எக்ஸ் கோசைன் எக்ஸ்’ என்று விடையைக் கோவையாகவே எழுதிக் காட்டும். பகுதித் தொகையிடல் என்ற ஒரு முழு வாரப் பாடத்தை அது மென்று விழுங்கிவிடுகிறது. பல தேர்வுகளில் இந்த வகைக்குத் தடை இருப்பது இதனால்தான். டி.ஐ-89 என்ற மாடல் 1998-இல் வந்தது. ஏ.பி. கால்குலஸ் தேர்வில் பல ஆண்டுகள் அதற்கு அனுமதி இருந்தது, அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான ஏ.சி.டி.-யிலோ தடை. ஒரு வாசலில் அனுமதி, அடுத்த வாசலில் தடை. பெரும் பணம் கொடுத்து வாங்கியதை வெளியே பையில் வைத்துவிட்டுத் தேர்வுக்கு உள்ளே வந்த பிள்ளைகளைக் கண்காணிப்பாளராக நான் பார்த்திருக்கிறேன். முகம் வாடிப்போயிருக்கும்.

மகளின் கல்லூரியில் தேர்வுக்கே சி.ஏ.எஸ். அனுமதி உண்டு என்று எழுத்தில் இருந்தால் வாங்குங்கள், மறுக்கமாட்டேன். மேல் வகுப்புகளில், நீளமான இயற்கணிதத்தில் ஒரு குறி தவறியதைப் பிடிக்க அது அருமையான துணை. முதலாண்டுக்கு வேண்டாம். வீட்டில் கணினி இருந்தால், இலவசக் கணித மென்பொருளான ஜியோஜீப்ராவிலேயே சி.ஏ.எஸ். பகுதி ஒன்று இருக்கிறது. அவளே போட்டுப் பார்க்கட்டும்.

*

கேள்வி: டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா எல்லாம் போனிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது தனியாக ஒரு கருவி ஏன்? கடைக்காரர்களின் சதி என்கிறான் என் நண்பன். — இரண்டாமாண்டு மாணவர்

பதில்: சதி என்ற சொல் பெரிது தம்பி. ஆனால் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 2001-இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஜியோஜீப்ராவும், 2011-இல் வந்த டெஸ்மோஸும் எந்தக் கையடக்கக் கருவியையும்விட அழகாக வரைகின்றன. வீட்டுப்பாடத்துக்கும் புரிந்துகொள்வதற்கும் அவையே போதும். ஒரு சமன்பாட்டில் ‘ஏ’ என்ற எண்ணுக்கு ஸ்லைடர் வைத்து இழுத்து, பரவளையம் விரிவதையும் சுருங்குவதையும் கண்ணால் பார்க்கும் மாணவர், நான் கரும்பலகையில் அரைமணி நேரம் வரைந்ததை அரை நிமிடத்தில் புரிந்துகொள்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சிக்கல் தேர்வு அறையில். அங்கே போன் வராது. கணினியில் எழுதும் தேர்வுகள் வேறு கதை. அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான டிஜிட்டல் எஸ்.ஏ.டி. தேர்வுத் திரையிலேயே டெஸ்மோஸ் இருக்கிறது. உங்கள் கல்லூரித் தேர்வு தாளில் என்றால், உள்ளே எடுத்துப்போகும் கருவி வேண்டும். கிராபிங் வகைக்கு அனுமதி இல்லாமல் சயின்டிபிக் வகைக்கு மட்டும் அனுமதி என்றால் கேசியோ எஃப்.எக்ஸ்-991இ.எக்ஸ் போன்ற ஒன்று போதும். அது வரையறுத்த தொகையீட்டையும் ஒரு புள்ளியில் வகைக்கெழுவையும் எண்ணாகத் தரும், நாலுக்கு நாலு அணி வரை கையாளும். வரைபடம் மட்டும் அதன் திரையில் வராது. திரையில் ஒரு கியூ.ஆர். கோடு காட்டும், அதைப் போன் கேமராவால் படித்தால் வரைபடம் போனில் தெரியும். வீட்டில் இருக்கும்போது அது போதாதா?

வாங்குவதற்கு முன் ஒத்திகை பார்க்க ஆசை இருந்தால், 2017-இல் பிரான்சில் வந்த நம்வொர்க்ஸ் கருவியின் மாதிரி இணையத்தில் இலவசமாக ஓடுகிறது. பொத்தான் அமைப்பு கைக்கு ஒத்துவருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

*

கேள்வி: பழைய டி.ஐ-84 ஒன்று விலைக்கு வருகிறது. பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது? — விடுதி மாணவி

பதில்: நல்ல முடிவு. இந்தக் கருவிகள் எளிதில் சாகாதவை. இருபது வருடம் ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பின்பக்க மூடியைக் கழற்றுங்கள். பேட்டரி உட்காரும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. தகட்டில் மட்டும் லேசாக இருந்தால் துடைத்துவிடலாம். உள்ளே கம்பி வரை தின்றிருந்தால் வேண்டாம்.

அடுத்தது திரை. கருவியை இயக்கி, எண்களால் திரையை நிரப்பச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாகச் சில வரிசைகள் விட்டுப்போயிருந்தால், திரையையும் பலகையையும் இணைக்கும் நாடா தளர்ந்திருக்கிறது. பழைய கறுப்பு-வெள்ளை டி.ஐ. கருவிகளில் அடிக்கடி வரும் நோய் இது. விற்பவர் லேசாகத் தட்டிக் காட்டி ‘இப்போது சரியாகிவிட்டது’ என்பார். தேர்வு நாளில் மறுபடி தட்ட வேண்டியிருக்கும்.

பிறகு ஒவ்வொரு பொத்தானையும், எதையும் விடாமல், ஒருமுறை அழுத்துங்கள். எதிர்க்குறிப் பொத்தானும் ‘என்டர்’ பொத்தானும்தான் முதலில் தேய்பவை. சைன் எக்ஸை ரேடியனில் வரையச் சொல்லுங்கள், அலை வர வேண்டும். நேரில் பார்க்க முடியாவிட்டால், அந்த அலை திரையில் இருக்கும்போது எடுத்த படம் கேளுங்கள். அணைத்து வைத்த கருவியின் படம் எதையும் சொல்லாது.

கருவியின் பின்னால் ஒரு பள்ளியின் பெயரோ எண்ணோ பொறிக்கப்பட்டிருந்தால் அது எப்படி இவர் கைக்கு வந்தது என்று கேளுங்கள். சுரண்டி அழித்திருந்தால் கேட்காமலே கிளம்பிவிடுங்கள்.

டி.ஐ-84 பிளஸ் என்றால் சுண்டுவிரல் பருமனுள்ள நாலு பேட்டரி போடுவது. டி.ஐ-84 பிளஸ் சி.இ. என்றால் 2015-இல் வந்த வண்ணத்திரை மாடல், உள்ளே சார்ஜ் ஏறும் பேட்டரி. இரண்டாவதை வாங்குபவர் கேபிளையும் கேட்டு வாங்க வேண்டும். இன்றைய போன் சார்ஜர் அதற்குப் பொருந்தாது, மினி யு.எஸ்.பி. வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வாங்கி வந்ததும் முந்தையவரின் குப்பையைத் துடைக்க வேண்டுமே. ‘2nd’ என்று அச்சிட்ட பொத்தான், கூட்டல் பொத்தான், பிறகு 7, 1, 2. ரேம் நினைவகம் காலி, அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்கு வந்துவிடும்.

*

கேள்வி: கால்குலேட்டர் தப்பாக விடை சொல்கிறது. சில சமன்பாடுகளுக்கு வெற்றுத்திரை வருகிறது. பழுதா, ஏமாந்துவிட்டேனா? — கால்குலஸ் மாணவர்

பதில்: நீங்கள் எழுதியனுப்பிய உதாரணங்களைப் பார்த்தேன். கருவி நன்றாகத்தான் இருக்கிறது.

வெற்றுத்திரை வந்த சார்பு, (எக்ஸ் கழித்தல் 20) முழுவதும் வர்க்கம், கழித்தல் 3. கருவி தொடக்கத்தில் எக்ஸை -10 முதல் 10 வரைதான் காட்டும், உயரத்தையும் அப்படியே. எக்ஸ் 10 ஆக இருக்கும்போது இந்தச் சார்பின் மதிப்பு 97. திரைக்கு எட்டாத உயரத்தில் வளைகோடு போய்க்கொண்டிருக்கிறது. எக்ஸ் எல்லையை 15 முதல் 25 என்று மாற்றுங்கள், 18.27-இலும் 21.73-இலும் அச்சை வெட்டும் பரவளையம் வந்து நிற்கும். எங்கே பார்க்க வேண்டும் என்பதை முதலில் தாளில் கணித்துவிட்டுத்தான் சாளரம் அமைக்க வேண்டும். இதை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது.

இன்னொன்று, சைன் எக்ஸின் வகைக்கெழு 0-இல் 1 வர வேண்டிய இடத்தில் 0.01745 வந்தது என்கிறீர்கள். கருவி பாகையில் இருக்கிறது. அந்த எண் பை வகுத்தல் 180. கால்குலஸ் முழுக்க ரேடியனிலேயே வையுங்கள். மூன்றாவது, -3-இன் வர்க்கம் -9 என்று வருவது. கருவி முதலில் 3-ஐ வர்க்கப்படுத்தி, பிறகு குறியைச் சேர்க்கிறது. தாளிலும் அதுதான் விதி. அடைப்புக்குறி போடுங்கள்.

உங்களிடமிருந்து வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே கருவி உண்மையிலேயே தடுமாறும். எக்ஸின் மட்டு மதிப்புக்கு 0-இல் வகைக்கெழு என்ன என்று டி.ஐ-84 வகையிடம் கேளுங்கள். 0 என்று கூச்சமில்லாமல் சொல்லும். அந்த வளைகோட்டுக்கு 0-இல் கூர்முனை இருக்கிறது, அங்கே வகைக்கெழுவே கிடையாது. கருவி எல்லை மதிப்பு (limit) எடுப்பதில்லை. புள்ளிக்கு 0.001 வலப்பக்கமும் 0.001 இடப்பக்கமும் சார்பின் மதிப்பை எடுத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோட்டின் சாய்வைச் சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒரே உயரம், சாய்வு 0. வகைக்கெழுவின் வரையறையை மாணவர்களுக்கு ஏற்றிவைக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

இதேபோல் சைன் எக்ஸை 0 முதல் 1000 வரை வரைந்து பாருங்கள். அந்த இடைவெளியில் ஏறத்தாழ 159 அலைகள். பழைய டி.ஐ-84 பிளஸின் அகலம் 96 புள்ளிகள். ஒரு அலைக்கு ஒரு புள்ளிகூட இல்லாத இடத்தில் கருவி எதையோ வரையும், பார்க்க அழகாகவும் இருக்கும். அது சைன் அல்ல.

*

கேள்வி: 1990-களில் என் அண்ணன் வாங்கிய மாதிரியே இருக்கும் கருவிக்கு இன்னும் ஏன் இவ்வளவு விலை? போன்கள் எங்கேயோ போய்விட்டன. — ஒரு வாசகர்

பதில்: 1985-இல் கேசியோ எஃப்.எக்ஸ்-7000ஜி வந்தது. கடையில் விற்கப்பட்ட முதல் கிராபிங் கால்குலேட்டர். அதன் திரை குறுக்கே 96, நெடுக்கே 64 புள்ளிகள். 2004-இல் வந்த டி.ஐ-84 பிளஸின் திரையும் அதே 96-க்கு 64. பத்தொன்பது வருடத்தில் ஒரு புள்ளி கூடவில்லை! உள்ளே இருந்த ஸைலாக் இசட்80 வகைச் சிப்பும் 1970-களின் வடிவமைப்புதான்.

என் கணிப்பில் காரணம் பொறியியலில் இல்லை. பாடப்புத்தகம் ஒரு மாடலின் திரையை அச்சிடுகிறது. ஆசிரியர் அதன் பொத்தான்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார். தேர்வு வாரியம் அதை அனுமதிப் பட்டியலில் சேர்க்கிறது. இத்தனை பேரும் மாறினால்தான் மாணவர் மாறமுடியும். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர் என்றால் விலை ஏன் இறங்கும்? நானும் அந்தத் தேர்ந்தெடுப்பவர் கூட்டத்தில் இருந்தவள்தான். அதனால்தான், ஆசிரியராக இதைப் படிப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பாடத்துக்குச் சயின்டிபிக் கால்குலேட்டர் போதும் என்றால், பாடத்திட்டத் தாளில் அப்படியே அச்சிடுங்கள்.

*

கேள்வி: புள்ளியியல் பாடத்தில் கருவி இரண்டு திட்டவிலக்கம் காட்டுகிறது. எதை எழுதுவது? — வணிகவியல் மாணவி

பதில்: 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்று போட்டுப் பாருங்கள். சிக்மா (σ) போட்டது 2 என்றும், எஸ் (S) போட்டது 2.138 என்றும் வரும். சராசரியிலிருந்து விலகலின் வர்க்கங்களைக் கூட்டினால் 32. அதை எட்டால் வகுத்து மூலம் எடுத்தது முதலாவது, ஏழால் வகுத்து எடுத்தது இரண்டாவது. உங்களிடம் உள்ளது முழுத்தொகுதியின் விவரம் என்றால் சிக்மா. கூறெடுத்ததை வைத்து முழுத்தொகுதியை ஊகிக்கிறீர்கள் என்றால் எஸ். பாடப்புத்தகக் கேள்விகளில் பெரும்பாலும் எஸ்தான் வேண்டியிருக்கும்.

*

கேள்வி: தேர்வுகள் முடிந்தன. அடுத்த வருடம் தம்பிக்குத் தருவதாக இருக்கிறேன். எப்படி வைப்பது? — மூன்றாமாண்டு மாணவர்

பதில்: பேட்டரி போடும் மாடல் என்றால் கழற்றிவிட்டு வையுங்கள். அதற்கு முன் உங்கள் நிரல்களை கேபிள் வழியே கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும் மாடல் என்றால் முழுக்கத் தீரவிடாமல் பாதி அளவில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். ஏற்கெனவே பொடி பூத்திருந்தால் பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடையுங்கள், அல்கலைன் பேட்டரிக் கசிவு காரம் என்பதால் அமிலத்தில் கரைந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே புது பேட்டரி. நாலையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். கேபிளை மட்டும் கருவியோடு சேர்த்தே ஒரு உறையில் போட்டு வையுங்கள், அடுத்த வருடம் முதலில் தொலைந்திருப்பது அதுதான்.